பெண் ஃபைட்டர் மீன்களை ஒரே தொட்டியில் ஒன்றாக வளர்க்கலாமா?

"ஆண் ஃபைட்டர்தான் சண்டை போடும், பெண் மீன்களை ஐந்தாறு சேர்த்து விடலாம் என்று கடையில் சொல்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாங்காதவர்கள் இவ்வளவு பதற்றத்தோடு கேட்க மாட்டார்கள். அநேகமாக இரண்டடித் தொட்டி. வீட்டில் ஒரு குழந்தை ஆசைப்பட்டிருக்கும். அப்படியானால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். எத்தனை மீன் இருக்கிறதோ அத்தனை பெரிய பாட்டில்களைச் சோப்பு போடாமல் கழுவி, குளோரின் போன தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சேர்த்து வளர்க்க முடியுமா என்றால், முடியும். நான் ஆறு பெண் மீன்களை ஏழு மாதம் ஒன்றாக வைத்திருந்தேன். சேர்த்துவிடுவது யாராலும் முடிகிற வேலை. பிரிக்க வேண்டிய நாள் ஒன்று வரும். அன்றைக்குப் பிரித்து வைக்க இடம் இருக்கிறதா, அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா என்பதைத்தான் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு மகளை அழைத்துக்கொண்டு போனேன். அப்போது அவள் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து பேச்சே குறைந்துபோயிருந்தாள். ஒரு கடையில் ஆண் ஃபைட்டர்கள் கைப்பிடி அளவுப் பிளாஸ்டிக் டப்பாக்களில் வரிசையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு தொட்டியில் அறுபது எழுபது பெண் மீன்கள் ஒன்றாக நீந்திக்கொண்டிருந்தன. "அக்கா, இதெல்லாம் பெண் மீன், ஒன்றுக்கொன்று ஒன்றும் செய்யாது. பாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே எப்படி இருக்கிறது" என்றார் கடைத் தம்பி. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது? ஒன்று 60 ரூபாய் என்று ஆறு வாங்கினேன்.

அந்தத் தம்பி பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பண்ணையில் பெண் மீன்களை அப்படித்தான் வளர்க்கிறார்கள். இதைப் படிக்கும் பண்ணைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் அங்கே இருப்பவை வளர்ந்து முடியாத குட்டிகள். அத்தனை நெரிசலில் ஒரு மீன் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக் காவல் காக்கவே முடியாது. ஒன்றை விரட்டத் தொடங்கினால் நடுவில் பத்து வந்துவிடும். சில வாரங்களில் விற்றும் போய்விடும். அதே மீனை ஐந்தாறாக வீட்டுத் தொட்டியில் விட்டால் கதை வேறு. இடம் பிடிக்க மூலை இருக்கிறது, விரட்டுவதற்கு இன்னாரென்று ஒரு மீன் இருக்கிறது, நாளுக்கு நாள் வயதும் ஏறுகிறது.

இது தாய்லாந்து மீன். வயல்களிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. 2019இல் அந்த நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்திருக்கிறார்கள். அங்கே இதற்குப் பெயர் 'பிளா கட்', அதாவது கடிக்கிற மீன். ஆண் மீனுக்கு மட்டும் வைத்த பெயர் அல்ல அது. தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்று தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சத்தின் மகள்கள்தான் நம் தொட்டியில் இருப்பவை. வயலில் தோற்ற மீன் செடிகளுக்குள் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அதோடு சண்டை முடிந்தது. தொட்டியில் தோற்ற மீன் எங்கே போகும்? நான்கு பக்கமும் கண்ணாடி.

நான் கண்மூடித்தனமாக விட்டுவிடவில்லை. தொட்டி இரண்டரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மணலும் கல்லும் போக 75 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி பின்பக்கம் முழுக்க, ஜாவா மாஸ் என்ற பாசியைக் கட்டிய இரண்டு கட்டைகள், மேலே மிதக்கும் செடிகள். நாட்டு வாதுமை மரம் எங்கள் தெருமுனையில் இருக்கிறது. அதன் காய்ந்த இலையைக் கழுவிப் போட்டால் இரண்டு நாளில் தண்ணீர் இளந்தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். இந்த மீனுக்கு அது மிகவும் ஒத்துப்போகிறது என்பது என் அனுபவம். ஆறு மீன்களையும் முதல் இரண்டு வாரம் தனித்தனி பாட்டில்களில் வைத்து, நோய் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகு ஒரே நாளில், ஒரே நேரத்தில் விட்டேன். இது முக்கியம். ஒன்றை முன்னால் விட்டால் முழுத் தொட்டியும் தன்னுடையது என்று அது நினைத்துக்கொள்ளும்.

மகள் பெயர் வைத்தாள். சிவப்பு செம்பருத்தி, பச்சை கலந்த நீலம் மயில், வெள்ளை முல்லை, பழுப்பு வெல்லம், ஒரே மாதிரி கருநீலமாக இருந்த இரண்டும் பெரிய நீலா, சின்ன நீலா.

முதல் மூன்று நாள் நான் தொட்டியை விட்டு நகரவில்லை. செம்பருத்தி ஒவ்வொன்றின் எதிரிலும் போய் நின்று செவுள் மூடிகளை அகல விரித்துக் காட்டும். தாடை அடியில் கறுப்பாக ஒரு சவ்வு தாடி போல விரியும். எதிரில் இருப்பது துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு விலகினால் அதோடு விட்டுவிடும். மயில் மட்டும் இரண்டு நாள் எதிர்த்து நின்றது. நான்காம் நாள் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. தீனி போட்டால் செம்பருத்தி முதலில், பிறகு மயில், அப்புறம் மற்றவை. முல்லை எப்போதும் மிதக்கும் வாதுமை இலைக்கு அடியில் சாய்ந்து ஓய்வெடுக்கும். ஏழு மாதம் அப்படியே போனது. அந்தத் தொட்டியின் அழகைச் சொல்லி முடியாது. ஆன்லைன் வகுப்பு முடிந்ததும் மகள் அதன் முன்னால் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றோடும் பேசுவாள். அந்த ஏழு மாதம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள், "எல்லாம் பெண் மீன்" என்று மகள் சொன்னதும், ஒருவர் விடாமல் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தாலே ஆகாது, இங்கே ஆறா?" என் கணவரின் பெரியப்பா சொன்னார், எதிர்வீட்டுக்காரர் சொன்னார், ஃபில்டர் பழுதுபார்க்க வந்த பையனும் சொன்னான். பத்து வயதுகூட ஆகாத என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் பாட்டி, அம்மா, இரண்டு சித்திகள், ஓர் அத்தை என்று ஐந்து பெண்கள் ஒரே அடுப்படியில் சமைத்த வீட்டில் வளர்ந்தவள். அம்மா மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது அவரைக் குளிப்பாட்டியதும் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும் சித்திகள்தான். சொத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டது என் சித்தப்பாக்கள். அந்த வீட்டுக் கதையை யாரும் மீன் தொட்டியைக் காட்டிச் சொல்வதில்லை. இந்த மீன்கள் சண்டை போடுவது அவை பெண் என்பதால் அல்ல. ஒன்றை ஒன்று பார்க்காமல் இருக்க இடமில்லாததால். ஆண் மீனையாவது விற்கும்போதே தனியாக வைக்க வேண்டும் என்று சொல்லி விற்கிறார்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

2022 மார்ச்சில் செம்பருத்தியின் வயிறு உப்பத் தொடங்கியது. ஒரு காலை செதில்கள் எல்லாம் அன்னாசிப் பழத் தோல் போல வெளியே தூக்கி நின்றன. அந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. எடுத்துத் தனியாக வைத்தேன். மூன்றாம் நாள் போய்விட்டது. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் மனது கனமாகத்தான் இருந்தது. இனி தொட்டியில் அதட்டல் இருக்காது, மற்றவை நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் நான் தவறிவிட்டேன். அதட்டிய மீன் போனதும் ஒழுங்கும் அதோடு போய்விட்டது. முதலிடம் யாருக்கு என்பது மறுபடி முதலிலிருந்து தீர்மானமாக வேண்டும். இப்போது அவை குட்டிகளும் அல்ல. அந்த வாரம் மயிலும் பெரிய நீலாவும் பக்கவாட்டில் நின்று வாலால் ஒன்றின் மேல் ஒன்று தண்ணீரை அடித்துக்கொள்வதைப் பார்த்தேன். பழையபடி நான்கு நாளில் அடங்கிவிடும் என்று இருந்துவிட்டேன். மதுரையில் மாமா மகள் கல்யாணம். வளர்ந்த மீன் நான்கு நாள் தீனியில்லாமல் இருக்கும், அதில் ஆபத்தில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

விடியற்காலை ரயிலில் வந்து இறங்கினோம். பையைக் கீழே வைக்கும் முன்பே தொட்டி விளக்கைப் போட்டேன். சின்ன நீலா அடியில் கிடந்தது, வால் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வெல்லம் நிறம் வெளுத்து, உடம்பு நெடுகப் படுக்கைவாட்டில் கறுப்புக் கோடுகளோடு கட்டைக்கு அடியில் ஒடுங்கியிருந்தது. அந்தக் கோடு பயத்தின் அடையாளம்; நெட்டுக்குத்தான கோடு என்றால் முட்டைக்குத் தயார் என்று அர்த்தம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முல்லையை முதலில் காணவில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில், விரல் நுழையாத சந்தில், தலை மேலாகச் செருகிக்கொண்டு நின்றது. இடது பக்கம் செதிலே இல்லை, வாலும் கிழிந்திருந்தது.

இந்த மீன் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை மட்டும் நம்பி வாழாது. தலைக்குள் இருக்கும் ஒரு தனி உறுப்பால் மேற்பரப்பில் காற்றை விழுங்கியும் மூச்சு விடும். அதற்காக மேலே வந்தே ஆக வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முல்லை அந்தச் சந்திலிருந்து மேலே வந்தது. மயில் மேற்பரப்பிலேயே காத்திருந்தது. காற்றை விழுங்க வாய் திறந்ததும் பாய்ந்தது. முல்லை விழுங்காமலே மறுபடி உள்ளே இறங்கியது. நான்கு நாள் இப்படி நடந்திருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் அப்போது காலியாக இருந்தது ஒரே ஓர் ஊறுகாய் ஜாடி. அதன் வாசனை போகவேயில்லை. குடிதண்ணீர்க் குடம், பாயசப் பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துத்தான் மீன்களைப் பிரித்து வைத்தேன். முதலில் ஏன் பாட்டில்களைக் கழுவச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

முல்லை பிழைத்தது. சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீர் மாற்றம், ஒரு வாதுமை இலை. வேறு மருந்து எதுவும் நான் போடவில்லை. மூன்றாம் வாரம் வால் ஓரத்தில் கண்ணாடி போல நிறமில்லாத ஒரு விளிம்பு வளர்ந்திருப்பதை மகள்தான் முதலில் கண்டாள். லென்ஸ் வைத்துத் தினமும் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். முழு வாலாக இரண்டு மாதம் ஆயிற்று. பிறகு தொட்டியில் ஒளி புகாத தடுப்புகளைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் நான்கு விரல் உயரம் நிற்கும்படி வைத்து மூன்றாகப் பிரித்து, மயில், பெரிய நீலா, முல்லை மூன்றையும் தனித்தனியாக விட்டேன். உயரம் குறைத்தால் தாண்டிவிடும். வெல்லத்தைத் தோழி ஒருத்தி வாங்கிக்கொண்டாள். முல்லை 2023 டிசம்பர் வரை இருந்தது.

"என் தொட்டியில் இரண்டு வருடமாக எட்டு பெண் மீன்கள் நன்றாக இருக்கின்றன" என்று கீழே ஒருவர் எழுதுவார். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அவரிடம் தொட்டி எத்தனை அடி, காலியாக எத்தனை பாட்டில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "பாட்டிலில் அடைப்பது கொடுமை" என்று இன்னொருவர் வருவார். நிரந்தரமாக என்றால் கொடுமைதான். காயம் ஆறும்வரை என்றால் அதுதான் மருத்துவமனை.

நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். இரண்டடித் தொட்டியில் இரண்டோ மூன்றோ பெண் மீன்களை மட்டும் விடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கடி முழுவதையும் ஒரே மீன் வாங்கும். தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். வாங்கியதில் ஒன்று வாலும் துடுப்பும் குட்டையான ஆண் மீனாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெண் மீனுக்கு அடிவயிற்றில், துடுப்புகளுக்கு நடுவே உப்புக்கல் போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். குட்டி ஆண் மீனுக்கும் சில சமயம் தெரியும், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

இன்று இரவு விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஃபில்டருக்குப் பின்னால் செருகிக்கொண்டு நின்றால், விடியும்வரை காத்திருக்காமல் அதை எடுத்துவிடுங்கள். தொட்டியின் அளவும் மீன்களின் எண்ணிக்கையும் எழுதினால், மகள் டியூஷனிலிருந்து வந்ததும் மாலையில் இருவரும் சேர்ந்து பதில் சொல்கிறோம்.