ராத்திரி தூங்கும்போது வேன் டேங்க் வழியாம இருக்க என்ன மாட்டலாம்?

கேள்வி: கண்ணாடி ஜன்னல் கழுவுற வேலை பண்றேன், வேன்ல 500 லிட்டர் டேங்க் இருக்கு. வீட்டுக் குழாய்ல இருந்து ஆர்ஓ வழியா ஓஸ் போட்டு ராத்திரி ரொப்புவேன். போன வாரம் அசந்து தூங்கிட்டேன், காலைல பாத்தா வேன் தரை முழுக்க தண்ணி. டைமர், ஃப்ளோட் வால்வ், சோலனாய்டு வால்வ்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதைப் போட்டா நிம்மதியா தூங்கலாம்?

பதில்: அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, வேன் தரையில விரிச்சிருக்குற ரப்பர் மேட், ப்ளைவுட் எல்லாத்தையும் தூக்கி நல்லா காய வைங்க. மேல காஞ்ச மாதிரி தெரியும், அடியில தண்ணி தேங்கி நிக்கும். டேங்க் ஃப்ரேமை வண்டியோட பிடிச்சிருக்குற போல்ட்டுங்க அங்கதான் இருக்கு, அரை டன் தண்ணியை பிரேக் போடும்போது பிடிச்சு நிறுத்துறது அந்த போல்ட்டுதான், அது துருப்பிடிக்க விடவே கூடாது.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். டைமரை மட்டும் நம்பாதீங்க. உங்க ஆர்ஓ நிமிஷத்துக்கு 2 லிட்டர் குடுக்குதுன்னு வைங்க, 500 லிட்டருக்கு 250 நிமிஷம், கணக்கு சரியாதான் இருக்கும், ஆனா அந்த 2 லிட்டர் தினமும் அதே 2 லிட்டரா இருக்காது. குழாய் பிரஷர் மாறும், தண்ணியோட குளிர்ச்சியும் மாறும், ஒவ்வொரு டிகிரி குளிர்ச்சிக்கும் மெம்ப்ரேன் (ஆர்ஓக்குள்ள தண்ணியை வடிகட்டுற சவ்வு) குடுக்குற தண்ணி சுமாரா 3 சதவீதம் குறையும். குளிர்காலத்துக்குன்னு செட் பண்ணின டைமர் வெயில் காலத்துல டேங்க்கை வழிய விட்டுரும். அதோட டேங்க்ல நேத்து மிச்சம் எவ்வளவு இருக்குன்னு டைமருக்கு எப்படித் தெரியும்? ரெண்டாவது காவலா வேணா இருக்கட்டும்.

அடுத்தது ஃப்ளோட் வால்வ், அதாவது மிதவையோட டேங்க்குள்ள தொங்குற வால்வ். நிறைய பேர் இதைத்தான் மாட்டுறாங்க, கரண்ட் வேண்டாம், விலையும் கம்மி, நேரா குழாய்த் தண்ணி ரொப்புறவங்களுக்கு ஓரளவு சரி. ஆனா இது தண்ணியை எங்க நிறுத்துதுன்னு யோசிச்சுப் பாருங்க, ஓஸோட கடைசி முனையில, வேன்குள்ள. நின்னதுக்கு அப்புறம் விடியிற வரைக்கும் மொத்த ஓஸும் பிரஷர்ல உப்பிக்கிட்டு கிடக்கும், ஒரு கிளிக் கனெக்டர் பிடுங்கிக்கிட்டா போதும், அது வேன்குள்ள இருக்குற கனெக்டரா இருந்தா மறுபடியும் அதே குளம்தான். ஓட்டும்போது தண்ணி அலையடிக்கிறதுல நீள கை வெச்ச மிதவை வளையறதும் உடையறதும் சகஜம்.

ஆர்ஓவோட சேர்ந்தா இன்னொரு பெரிய சிக்கல் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. நல்ல தண்ணி வர்ற பக்கத்தை நீங்க அடைச்சாலும் கழிவுத் தண்ணி போற பக்கம் திறந்துதான் இருக்கும். டேங்க் ரொம்பினதும் வேன்ல சத்தம் நின்னுரும், நீங்களும் வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க, ஆனா ராத்திரி முழுக்க தண்ணி சாக்கடைக்குப் போய்க்கிட்டே இருக்கும். இதுக்குன்னு நாலு வாய் உள்ள ஆட்டோ ஷட்ஆஃப் வால்வ் ஒண்ணு வருது, நல்ல தண்ணி பக்கம் பிரஷர் ஏறினதும் அதுவே உள்ள வர்ற தண்ணியை அடைச்சிரும், ஆனா கடையில சாதாரணமா கிடைக்கிறது சமையலறை ஆர்ஓவுக்கான பொடி சைஸ், வேன் டேங்க் ரொப்புறதுக்கு வைக்கிற 4040 (4 இன்ச் அகலம், 40 இன்ச் நீளம்) மாதிரி பெரிய மெம்ப்ரேனுக்கு அது பத்தாது. இன்னொண்ணு, உள்ள வர்ற தண்ணி நின்னு நல்ல தண்ணி பக்கம் மட்டும் பிரஷர் தேங்கி நின்னா மெம்ப்ரேனோட ஒட்டு பிரிஞ்சு போகும், அது தாங்குறது கிட்டத்தட்ட 0.3 பார் வரைக்கும்தான்.

அதனால நான் உங்களுக்குச் சொல்றது இதுதான், நிரம்பிருச்சான்னு பாக்குறது வேன்ல இருக்கட்டும், அடைக்கிறது குழாய்கிட்ட இருக்கட்டும். டேங்க்குள்ள ஒரு சின்ன ஃப்ளோட் ஸ்விட்ச், குழாய்க்கும் ஆர்ஓவுக்கும் நடுவுல ஒரு சோலனாய்டு வால்வ், அதாவது கரண்ட்ல திறந்து மூடுற வால்வ், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒயர். குழாய்கிட்டயே அடைஞ்சா ஆர்ஓல, ஓஸ்ல எங்கயும் பிரஷர் இருக்காது, கழிவும் ஓடாது, மெம்ப்ரேனும் பத்திரம்.

சோலனாய்டு வாங்கும்போது கரண்ட் இல்லாதப்ப மூடியிருக்குற வகைதானான்னு கேட்டு வாங்குங்க, 12 வோல்ட் இல்லன்னா 24 வோல்ட் காயில் போதும், ஈரமான இடத்துக்கு வீட்டு மின்சாரத்தை இழுத்துக்கிட்டு வர்றது உயிரோட விளையாடுற வேலை. மணிக்கணக்கா தொடர்ந்து ஆன்ல இருக்குறதுக்கு ஏத்த காயிலா இருக்கணும், தொட்டா சூடா இருக்கும், அது இயல்புதான். ஃப்ளோட் ஸ்விட்ச்சை டேங்க் காலியா இருக்கும்போது சர்க்யூட் சேர்ந்தும், ரொம்பினா பிரிஞ்சும் இருக்குற மாதிரி மாட்டுங்க. இதை தலைகீழா மாட்டினவங்களைத்தான் நான் அதிகமா பாக்குறேன். ஏன் முக்கியம்னா ஒயர் அறுந்தாலும், பிளக் கழண்டாலும், கரண்ட் போனாலும் வால்வ் மூடிக்கும். தலைகீழா மாட்டியிருந்தா ஒயர் அறுந்த அன்னைக்கு டேங்க் வழியும். நேரா நிக்கிற குச்சி மாதிரி ஸ்விட்ச்சுல பெரும்பாலும் மிதவையைக் கழட்டி திருப்பிப் போட்டாலே ஆன், ஆஃப் மாறிரும்.

அந்தக் குட்டி ஸ்விட்ச் நேரா சோலனாய்டு கரண்ட்டைத் தாங்காது, காண்டாக்ட் ஒட்டிக்கும், நடுவுல ஒரு ரிலே போடுங்க, அதாவது சின்ன கரண்ட்டை வெச்சு பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச். ரிலேவை ஒரு தடவை விட்டா விட்டதுதான், பட்டன் அமுக்கினாதான் திரும்ப பிடிக்கும்ங்கிற மாதிரி இணைச்சுத் தரச் சொல்லுங்க, எலக்ட்ரீஷியனுக்கு அது அரை மணி வேலை. இல்லன்னா மிதவை லேசா ஆடும்போதெல்லாம் வால்வ் டக்கு டக்குனு திறந்து மூடும். நின்னு நின்னு ஓடுற ஆர்ஓல ஒவ்வொரு தடவையும் முதல் சில நிமிஷத் தண்ணி டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) அதிகமா வரும், பின்னாடி மிச்ச உப்பை எடுக்குற ரெசின் வெச்சிருந்தா அது சீக்கிரம் தீரும்.

தண்ணி தொட்டா சிக்னல் குடுக்குற ரெண்டு கம்பி சென்சார் வாங்கிராதீங்க. தண்ணியில இருக்குற உப்புல கரண்ட் பாயறதை வெச்சுதான் அது வேலை செய்யுது. உங்க டேங்க்ல இருக்குறது டிடிஎஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்குற தண்ணி, அதுல கரண்ட் சரியாவே பாயாது, டேங்க் வழிஞ்சாலும் சென்சாருக்கு அது காலி டேங்க்தான். பித்தளை பாகமும் உள்ள வேண்டாம், சுத்தத் தண்ணி உலோகத்தை அரிக்கும், பிளாஸ்டிக் இல்லன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க.

ஸ்விட்ச்சை டேங்க் நடுவுல மாட்டுங்க, ஓரத்துல மாட்டினா சரிவுல நிறுத்தின அன்னைக்கு ஒரு பக்கம் வழியும். வண்டி ஓடும்போது அலை அடிக்காம இருக்க அதைச் சுத்தி ஓட்டை போட்ட பைப் துண்டு ஒண்ணு போடுங்க. மேல ஒரு 5 சென்டிமீட்டர் இடம் விட்டு செட் பண்ணுங்க, வால்வ் மூடின பிறகும் கொஞ்சம் தண்ணி வந்துதான் நிக்கும். ஓஸ் முனை தண்ணிக்குள்ள முங்காம மேலயே இருக்கணும், முங்கியிருந்தா டேங்க் தண்ணி சைஃபன் ஆகி திரும்ப இறங்க வாய்ப்பிருக்கு. தரையில பெரிய தொட்டி வெச்சு பம்ப்ல ஏத்துறவங்களும் இதே ஸ்விட்ச்சால பம்ப்பை நிறுத்தலாம், ஆனா அந்தத் தொட்டியோட தண்ணி மட்டம் வேன் டேங்க்கை விட உசரமா இருந்தா பம்ப் நின்னாலும் தண்ணி தானா வந்துக்கிட்டே இருக்கும், அங்கயும் ஒரு வால்வ் கட்டாயம். அதுல அழுத்த வித்தியாசம் இல்லாமலே திறக்குற வகையைக் கேளுங்க, சாதாரண வால்வ் அவ்வளவு கம்மி பிரஷர்ல சரியா திறக்காது.

இவ்வளவும் பண்ணினாலும் ஓவர்ஃப்ளோ பைப் இல்லாம விடாதீங்க. உள்ள வர்ற ஓஸ் 19 மில்லிமீட்டர்னா வெளிய போறது 40 மில்லிமீட்டராவது இருக்கணும், ஏன்னா உள்ள வர்றது பிரஷர்ல வருது, வெளிய போறது தன் எடையில மட்டும்தான் இறங்குது. டேங்க் மேல் பக்கத்துல இருந்து வேன் தரையைத் துளைச்சு வெளிய விடுங்க, துளைச்ச விளிம்புல துருப்பிடிக்காம பெயின்ட் அடிச்சிருங்க. ரொம்பும்போது காத்து வெளியேறவும் அதுவே வழி.

மாட்டி முடிச்சதும் அன்னைக்கு ராத்திரியே தூங்கப் போயிராதீங்க. ஓஸைத் திறந்து விட்டு மிதவையை கையால தூக்குங்க, தண்ணி நிக்கணும். பட்டன் அமுக்கி திரும்ப ஓட விட்டு வேன் பக்கத்து பிளக்கைப் பிடுங்குங்க, நிக்கணும். மறுபடி ஓட விட்டு கரண்ட்டை அணைங்க, அப்பவும் நிக்கணும், கரண்ட் வந்தாலும் பட்டன் அமுக்காம ஓடக்கூடாது. கடைசியா ஸ்விட்ச்சை வேலை செய்ய விடாம கட்டி வெச்சு, பக்கத்துலயே நின்னு டேங்க்கை வழிய விடுங்க, வர்ற தண்ணி மொத்தமும் ஓவர்ஃப்ளோ பைப்ல போகுதா, தரையில ஒரு சொட்டாவது விழுதான்னு பாருங்க. இந்த நாலும் சரியா வந்தா அடுத்த ராத்திரியில இருந்து தாராளமா தூங்கலாம், மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் மிதவையைத் தூக்கிப் பாத்துக்கங்க.