காய்ச்சல் விட்ட பிறகும் மனம் ஏன் வாடிக் கிடக்கிறது?

கொரோனாவுக்கு மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய அப்பா யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார், இது பயமா, நோயின் மிச்சமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இருக்கலாம். பயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் ரத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களை வெளியிடுகின்றன. அந்தச் செய்தி மூளையை எட்டியதும் பசி போகிறது, உடம்பு தளர்கிறது, ஆள் அரவமே பிடிப்பதில்லை. சாதாரணக் காய்ச்சலிலேயே நாம் கண்டதுதான். ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கு, சைட்டோகைன்களில் ஒன்றான இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்ட காலத்தில், அதற்கு முன் மனநலக் குறையே இல்லாத சிலரும் மனச்சோர்வில் விழுந்தார்கள்.

2020இல் இத்தாலியின் மிலான் நகரில் உள்ள சான் ரஃபேலே மருத்துவமனையில், கொரோனாவிலிருந்து மீண்ட 402 பேரைச் சுமார் ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். 31 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு தென்பட்டது. நோயோடு வந்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையால் பெருக்கி, லிம்போசைட் என்னும் வேறு வகை வெள்ளணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். அழற்சியை, அதாவது கிருமியை எதிர்த்து உடல் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதைக் காட்டும் அந்த எண் கூடக்கூடப் பிந்தைய சோர்வும் கூடியிருந்தது. (தொடர்புதான் இது, காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.)

இரண்டு வாரம் தாண்டியும் அப்பா இப்படியே இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்; அதுவும் மனநிலையைக் குலைக்கும்.