கென்யாவின் தள்ளு-இழு சாகுபடி: நீங்கள் கேட்டவை

மருந்து அடிக்காமல் மக்காச்சோளப் புழுவைச் சமாளிக்கும் கென்ய முறை ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பெரம்பலூரிலிருந்து: மேடம், தள்ளு-இழு என்றால் என்ன? உண்மையிலேயே மருந்து வேண்டாமா?

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டிய பகுதியில் மக்காச்சோளத்துக்கு முதல் எதிரி தண்டுத் துளைப்பான். அதில் ஒரு வகை ஆசியாவிலிருந்து போனது, நம் ஊர்ச் சோளத்தைத் துளைக்கிற அதே புழுதான். நைரோபியில் உள்ள இசிபே பூச்சியியல் மையமும் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையமும் 1990-களில் சேர்ந்து உருவாக்கிய முறை இது. முன்னின்று நடத்தியவர் ஜியாவுர் கான் என்ற இந்தியப் பூச்சியியலாளர்.

மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற படரும் தீவனச் செடி, காட்டைச் சுற்றி நேப்பியர் என்ற தீவனப் புல், அவ்வளவுதான். டெஸ்மோடியத்தின் வாசனை பூச்சியை மக்காச்சோளத்திலிருந்து தள்ளும், புல் அதை வெளியே இழுக்கும் என்று சொல்லித்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். தாய் அந்துப்பூச்சி முட்டையிட வருவது இருட்டின பிறகு. நேப்பியர் புல் அதற்குப் பிடித்த வாசனையை அதிகமாக விடுவதும் இருட்டின முதல் ஒரு மணி நேரத்தில்தான், அதனால் பூச்சி வரப்பிலேயே இறங்கி அங்கேயே முட்டை வைக்கிறது. பொரித்த புழு புல்லின் தண்டுக்குள் போனால் பிசின் மாதிரி ஒரு சாறு சுரந்து மாட்டிக்கொள்ளும், ஐந்தில் ஒன்று பிழைத்தாலே அதிகம். மருந்தே வேண்டாம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அங்கே பெரும்பாலானவர்கள் மருந்து வாங்கக் காசில்லாமல்தான் இருந்தார்கள்.

கரும்பு விவசாயி ஒருவர்: சுடுமல்லிக்கும் இது கேட்கும் என்கிறார்களே? எங்கள் காட்டில் பிடுங்கிப் பிடுங்கி ஓய்ந்துவிட்டோம்.

சுடுமல்லி பயிரின் வேரை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் களை. அங்கே இருப்பது அதே குடும்பத்தில் இன்னொரு வகை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. அந்தப் பகுதியின் லுவோ மக்கள் அதைக் கயோங்கோ என்பார்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும், அது மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். நீங்கள் கண்ணால் பார்க்கும்போது மண்ணுக்கடியில் அது பயிரின் வேரைப் பிடித்து உறிஞ்சி முடித்திருக்கும், பிடுங்கி என்ன செய்ய?

டெஸ்மோடியத்தின் வேரிலிருந்து கசியும் பொருட்களில் ஒன்று சுடுமல்லி விதையை முளைக்கச் சொல்கிறது, இன்னொன்று அப்படி முளைத்த சுடுமல்லியின் வேரை வளரவிடாமல் தடுக்கிறது. பிடித்துக்கொள்ள மக்காச்சோள வேர் கிடைக்காமல் முளைத்த இடத்திலேயே சாகும். இப்படிப் பருவத்துக்குப் பருவம் மண்ணில் உள்ள விதை குறைந்துகொண்டே வருகிறது. இந்த முறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், தேடிப் போகாமல் தற்செயலாகக் கிடைத்ததும் இதுதான். கரும்பில் எப்படி இருக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

விளைச்சல் எவ்வளவு கூடும்?

ஹெக்டேருக்கு ஒரு டன் எடுத்த இடத்தில் மூன்றரை டன் வரை போனதாக இசிபே சொல்கிறது. ஆனால் அது புழுவும் சுடுமல்லியும் சேர்ந்து அழித்துக்கொண்டிருந்த மண்ணில். இரண்டும் இல்லாத காட்டில் இந்த வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

திண்டுக்கல் அக்கா ஒருவர்: இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லோரிடமும் போய்ச் சேரவில்லை?

சரியான கேள்வி அக்கா. முதல் தடை விதை. டெஸ்மோடியம் விதை விலை அதிகம், பல இடங்களில் கடையில் கிடைப்பதில்லை, கொடியை வெட்டி நட்டுப் பெருக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, முதல் பருவத்தில் கையால் களையெடுக்கும் வேலை. டெஸ்மோடியம் நாற்று மெதுவாகத்தான் எழும்பும், களை எது செடி எது என்று தெரியாமல் வெட்டிவிடுவார்கள், அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும். அப்புறம் குத்தகை நிலம். டெஸ்மோடியம் பல வருடப் பயிர், அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் ஏன் நடுவார்? அறுவடைக்குப் பின் ஊர் மாடுகளைக் காட்டில் அவிழ்த்துவிடும் வழக்கம் உள்ள இடங்களில் வேலி இல்லாமல் இது நிற்காது. பீன்ஸுக்கு இடமில்லை என்ற புகாரும் வந்தது, பிறகு மக்காச்சோளக் குழியிலேயே பீன்ஸையும் சேர்த்து ஊன்றிப் பார்த்துத் தீர்த்தார்கள். நேப்பியரைக் குட்டையாக்கும் ஒரு நோய் இன்னும் தொல்லை கொடுக்கிறது.

நான் பார்த்தவரையில் இதை விடாமல் வைத்திருப்பவர்கள் கறவை மாடோ ஆடோ வைத்திருப்பவர்கள். சுற்றிலும் புல், நடுவில் புரதம் நிறைந்த தீவனம், பால் காசு கையில் வருகிறது. அவர்களிடம் புழுவைப் பற்றிக் கேட்டால் "அதுவும் குறைந்தது" என்பார்கள். விஞ்ஞானிகள் புழுவை வைத்து விளம்பரம் செய்தார்கள், விவசாயி மாட்டுக்காக நட்டார். மாடில்லாத வீட்டில் இதைத் திணிக்கும் திட்டங்கள் மானியம் நின்றதும் நின்றுபோவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

டெஸ்மோடியம் பூச்சியை விரட்டுவதே இல்லை என்று புது ஆய்வு வந்திருக்கிறதே?

ஆமாம், 2024-இல் வந்தது. வாசனை விரட்டுவதைவிட இலையிலும் தண்டிலும் உள்ள கொக்கி முடிகள் பூச்சியையும் புழுவையும் பிடித்துக் கொல்வதுதான் நடக்கிறது என்றார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. காட்டில் சேதம் குறைகிறதா என்பது தனிக் கேள்வி, அதை இந்த ஆய்வு மறுக்கவில்லை. 'தள்ளு' என்ற பெயர்தான் ஆட்டம் காண்கிறது.

படைப்புழுவுக்கு நம் ஊரில் செய்யலாமா?

மக்காச்சோள இலையைத் தின்னும் இந்தப் படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் கர்நாடகத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நேப்பியருக்குப் பதில் வறட்சி தாங்கும் பிராக்கியேரியா புல்லை வைத்துச் செய்தபோது புழு எண்ணிக்கை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. இங்கே நேரே ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். மாடு இருந்து, டெஸ்மோடியம் விதையும் கிடைத்தால் பத்து சென்டில் போட்டுப் பாருங்கள். கடையில் வேலிமசால் விதையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அது வேறு செடி.

அளவு சொல்லுங்கள், போதும்.

மக்காச்சோளம் 75 சென்டிமீட்டர் வரிசை, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு வரிசை டெஸ்மோடியம். விதை பொடியாக இருக்கும், மணலில் கலந்து மேலாக விதையுங்கள். சுற்றிலும் மூன்று வரிசை நேப்பியர் கரணை. மூன்று வரிசையையும் ஒரே நாளில் அறுத்துவிடாதீர்கள், அன்று இரவு பூச்சிக்கு உங்கள் மக்காச்சோளத்தை விட்டால் வேறு இடம் இருக்காது.