வாசகர் கேள்வி–பதில்: கணினி புகுந்த தமிழ் வகுப்பு

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தொழில்நுட்பம் சார்ந்த செயல்திட்டம் ஒன்றைக் கொடுக்குமாறு தலைமையாசிரியர் கூறியுள்ளார். சென்ற ஆண்டு ‘எங்கள் ஊரின் சிறப்பு’ என்ற தலைப்பைக் கொடுத்தபோது, இணையத்தில் கிடைத்த பத்திகளை அப்படியே எடுத்து, படங்களைச் சேர்த்து, அழகான காட்சிப்பக்கங்களாகக் கொண்டுவந்தார்கள். மாணவர் சொந்தமாக எழுதிய வாக்கியம் ஒன்றைக்கூட அவற்றில் காண முடியவில்லை. இதை உண்மையான தமிழ்ப் பாடமாக மாற்றுவது எப்படி?
— ஓர் ஆசிரியை, கானாடுகாத்தான்

பதில்: குறை மாணவர்களிடம் இல்லை, தலைப்பில்தான் இருக்கிறது. ஊரின் சிறப்பைப் பற்றி இணையத்தில் எத்தனையோ பக்கங்கள் இருக்கும்போது, அவற்றை எடுத்து ஒட்டுவதுதான் பிள்ளைகளுக்கு எளிய வழி. தேடினால் கிடைக்காத ஒன்றை, நேரில் போய்க் கேட்டால் மட்டுமே கிடைக்கும் ஒன்றைத் தலைப்பாகக் கொடுங்கள். அப்போது எழுதுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இராது.

உங்களுக்கு வெகு அருகில் ஆத்தங்குடி இருக்கிறது. அங்கே தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றுக்கு, முன்கூட்டியே அனுமதி பெற்று, நான்கைந்து மாணவர்களை ஒரு கைப்பேசியுடன் அழைத்துச் செல்லுங்கள். வேலை செய்பவரிடம் ‘ஒரு கல் எப்படி உருவாகிறது?’ என்று கேட்டு, அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்யட்டும். கைவேலைக்காரர் பேசும்போது வரிசையாகப் பேச மாட்டார். பாதியில் நிறம் கலப்பதைச் சொல்வார்; பிறகு கண்ணாடியைத் துடைப்பதற்குத் திரும்புவார்; ‘அப்புறம் இதை இப்படிப் போட்டுட்டு’ என்று கையால் காட்டுவார். அந்த ‘இதை’யும் ‘இப்படி’யும் ஒலிப்பதிவில் ஒன்றுமில்லாமல் போய்விடும். பள்ளிக்குத் திரும்பி, பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதும்போதுதான் மாணவருக்கு அது தெரியவரும்.

உங்கள் பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சைப் பொருத்தி, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, பிறகு கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்துக்கு வருகிறது. இந்தச் செய்முறையை, கல்லையே பார்த்திராத ஒருவருக்குப் புரியும்படி வரிசை மாறாமல் எழுத வேண்டுமென்றால், வினையெச்சங்களையும் ‘பிறகு’, ‘அதற்குள்’, ‘அதனால்’ போன்ற இணைப்புச் சொற்களையும் மாணவர் தாமாகவே தேடத் தொடங்குவார். இலக்கண நூலிலிருந்து பட்டியலாகப் படித்ததை இங்கே தேவைக்காகக் கையாளுவார். ஏதேனும் ஒரு படி விடுபட்டிருந்தால், மீண்டும் பட்டறைக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட எப்போதும் கூர்மையாக இருக்கும்.

எழுதி முடித்த பிறகு, அதையே ஒரு நிமிடக் காணொலியின் பின்னணிக் குரலாக வாசிக்கச் செய்யுங்கள். வாசித்துப் பதிவு செய்து கேட்கும்போது, மூச்சுவிட இடமில்லாத வாக்கியம் எது, இரண்டு முறை வந்த சொல் எது என்பதை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துக் காட்ட வேண்டியதில்லை. மாணவரின் காதே சொல்லிவிடும். மதிப்பெண்ணைக் காணொலியின் அழகுக்குக் கொடுக்காதீர்கள். முதல் வரைவையும் மூன்றாம் வரைவையும் அருகருகே வைத்து, இடையில் என்ன மாறியது என்பதற்குக் கொடுங்கள். வகுப்புக்கு ஒரே ஒரு கணினி இருந்தாலும் இது நடக்கும். ஏனென்றால் பெரும்பகுதி வேலை குறிப்பேட்டிலும் பேச்சிலும்தான் நடைபெறுகிறது.

வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டிலிருக்கும் ஆச்சியிடம் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் விழாவுக்குச் சென்ற நினைவையோ, பாடிய தாலாட்டையோ கேட்டுப் பதிவு செய்யச் சொல்லலாம். ‘அப்ப அவுக வந்தாக, எல்லாரும் எந்திரிச்சாக’ என்று ஆச்சி சொன்னதை ‘வந்தார்கள், எழுந்தார்கள்’ என்று திருத்துவதா, அப்படியே விடுவதா என்று வகுப்பில் விவாதம் எழும். மேற்கோள் குறிக்குள் ஆச்சியின் பேச்சு ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும். மாணவர் தம் சொல்லில் எழுதும் பகுதி எழுத்துத்தமிழில் இருக்கட்டும் என்பதே என் கருத்து. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு தமிழையும் மதிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மாணவர்கள் ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் தமிழை வரவழைக்கிறார்கள். குரல்வழித் தட்டச்சையும் பயன்படுத்துகிறார்கள். இவற்றை அனுமதிக்கலாமா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: வீட்டில் அவசரச் செய்தி அனுப்ப எந்த முறையும் சரிதான். வகுப்பில் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குமாறு வலியுறுத்துவேன். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. ‘க’வைத் தட்டி ‘இ’யைத் தட்டினால் ‘கி’ பிறக்கிறது. ‘க’வை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகிறது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் முறை, பிள்ளையின் விரல் நுனியிலேயே பதிகிறது. ஆங்கில எழுத்தின் வழியாகத் தட்டும்போது திரை காட்டும் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதால், லகர, ளகர, ழகரங்களைப் பற்றி யோசிக்கும் தேவையே குறைந்துபோகிறது.

குரல்வழித் தட்டச்சை விலக்க வேண்டாம். அதைத் திருத்தும் பயிற்சியாக மாற்றுங்கள். நம் பகுதிப் பேச்சைக் கேட்டு அது எழுதித் தரும் பத்தியில் நிறுத்தக்குறிகள் சரியாக இரா, வல்லினம் மிகும் இடங்கள் தவறும், சில சொற்கள் வேறு சொற்களாக மாறியிருக்கும். அந்தப் பத்தியை அச்சிட்டுக் கொடுத்து, மூலப் பதிவைக் கேட்டபடியே திருத்தச் சொன்னால், புணர்ச்சி விதிகளைப் பிள்ளைகள் ஆர்வத்தோடு தேடிப் படிப்பார்கள்.

கேள்வி: தேர்வைத் தாளில்தானே எழுதுகிறார்கள்? என் மகளின் கையெழுத்து கெட்டுவிடாதா?
— ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: முதல் வரைவைக் கையால் எழுத வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தட்டச்சு செய்வதால் கையெழுத்து கெடாது.

கேள்வி: மாணவர்கள் சேகரித்தவற்றை இணையத்தில் ஏற்றலாமா? தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கலாமா?
— ஓர் ஆசிரியர், காரைக்குடி

பதில்: விக்கிப்பீடியாவில் எழுதும் செய்திக்கு ஏற்கெனவே வெளியான நூல், இதழ் போன்ற சான்று வேண்டும், ஆச்சியிடம் நேரில் கேட்டது மட்டும் அங்கே சான்றாகாது. ஆகவே நூலகத்தில் சான்று தேடி, ஊர்க் கட்டுரை ஒன்றில் விடுபட்ட ஒரு பத்தியைச் சேர்ப்பதைத் தனிச் செயல்திட்டமாகக் கொடுங்கள். நேர்காணல்களைப் பள்ளியின் சொந்தத் தொகுப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

தொகுப்பதன் மதிப்பைச் சொல்ல நம் பக்கத்துக் கோட்டையூரே போதும். ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் அங்கே நூல்களையும் இதழ்களையும் பிறர் எறிந்துவிடும் சிறு அச்சுத் தாள்களையும் சேர்த்துவைத்ததால்தான், 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. உங்கள் மாணவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

வெளியிடுவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். குரல் கொடுத்தவரிடமும் மாணவரின் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். பாடலோ கதையோ பிறருடைய நூலிலிருந்து வந்ததாக இருந்தால், நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தனவா என்று பாருங்கள். கடக்கவில்லையெனில் உரிமை உடையவரைக் கேட்காமல் முழுமையாக ஏற்றக் கூடாது. மூன்றாவது நம் செட்டிநாட்டு ஊர்களுக்கே உரியது: பெரிய வீடுகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பதால், காணொலியில் முகப்பைக் காட்டினாலும் உள்கட்டுகளையும் பெட்டகங்களையும் பூட்டுகளையும் காட்டாதீர்கள், வீட்டின் இலக்கத்தையும் தெருவின் பெயரையும் நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள்.