வீட்டுப் படங்களை அடுக்கி வைக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினியிலும் கைப்பேசியிலும் குவிந்துவிட்ட வீட்டுப் படங்களை என்ன செய்வது என்று வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலோர் எந்த மென்பொருள் நல்லது என்றே தொடங்கியிருக்கிறார்கள். மென்பொருள் எதுவாக இருந்தாலும், அது ஒருநாள் நின்றுபோனால் உங்கள் படங்களின் ஒழுங்கும் பெயர்களும் உங்களிடமே இருக்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை.

கேள்வி: இரண்டு கைப்பேசிகள், ஒரு பழைய லேப்டாப், மகன் விட்டுச் சென்ற ஹார்டு டிஸ்க் ஆகியவற்றில் படங்கள் சிதறிக் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? (காட்பாடி)

முதலில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். சேர்க்கும்போது நகலெடுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். பாதியில் கேபிள் கழன்றாலோ மின்சாரம் போனாலோ, வெட்டி எடுத்த கோப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் போகக்கூடும். நகல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பழைய இடத்தில் அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அதன்பின் ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒரு கோப்புறை என்ற அளவே போதும். கோப்புறையின் பெயரை '2023-05-15 குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு' என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். கணினி பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு அடுக்குவதால், இப்படி எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். நாள் எண்ணை முதலில் எழுதினால் எல்லா ஆண்டுகளின் 15ஆம் தேதிகளும் ஒன்றாகக் கலந்து நிற்கும். பெயரைத் தமிழிலேயே எழுதலாம். யூனிகோடு தமிழாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

மென்பொருள் என்று கேட்டால், படங்களை வேகமாகப் பார்க்கவும், திருப்பவும், மொத்தமாகப் பெயர் மாற்றவும் இர்ஃபான்வியூ போதும். 1996 முதல் வந்துகொண்டிருக்கும் சிறிய மென்பொருள் இது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். முகங்களைப் பிரிப்பது, குறிச்சொல் இடுவது, ஒரே படம் இருமுறை இருப்பதைக் கண்டுபிடிப்பது ஆகியவையும் வேண்டுமென்றால் டிஜிகாம் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகம் அறியும் வேலையை அது உங்கள் கணினிக்குள்ளேயே செய்கிறது. அதற்காகப் படங்கள் இணையத்துக்குப் போவதில்லை. ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் கிடைத்தால், கோப்பின் அளவு பெரியதாக உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். சிறியது பெரும்பாலும் எங்கேயோ சுருக்கப்பட்டது.

பத்து ஆண்டுப் படங்களையும் ஒரேயடியாகச் சரிசெய்ய முனைபவர்கள் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். இந்த ஆண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். அண்மைய படங்களில் யார், எங்கே என்பது நினைவில் இருப்பதால் வேலை வேகமாக நடக்கும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படங்களைத் தேதிப்படி அடுக்கினால் எல்லாம் தவறான இடத்தில் வருகின்றன. ஏன்? (ஆம்பூர்)

கேமராவோ கைப்பேசியோ படம் எடுக்கும்போது, எடுத்த தேதி, நேரம், கருவியின் பெயர், அனுமதித்திருந்தால் இடம் ஆகியவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. எக்ஸிஃப் என்று சொல்லப்படும் இந்தக் குறிப்புகளை, படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது, படத்தையும் சுருக்குகிறது. ஆகவே உங்கள் கணினி பார்ப்பது கோப்பு வந்து சேர்ந்த தேதியைத்தான். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அந்தப் படத்தின் பெயரில் எட்டு இலக்கமாக ஒரு தேதி இருக்கும். அதுவும் எடுத்த நாளைக் குறிப்பதாக இருக்க வேண்டியதில்லை. உறவினர் பொங்கல் படத்தை மாசியில் அனுப்பியிருந்தால், பெயரில் இருப்பது மாசி மாதத் தேதிதான்.

இனி முக்கியமான படங்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பு அப்படியே வரும். ஏற்கெனவே வந்தவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்து, காலை வணக்கப் படங்களையும் கடை விளம்பரங்களையும் அழித்துவிட்டு, எஞ்சியதை மட்டும் நிகழ்ச்சி வாரியாகப் பிரியுங்கள்.

கேள்வி: மகள் திருமணத்தில் இரண்டு புகைப்படக்காரர்கள் படம் எடுத்தார்கள். சேர்த்துப் பார்த்தால் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வருகிறது. சரிசெய்ய முடியுமா? (குடியாத்தம்)

முடியும். இரண்டு கேமராக்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகாததே காரணம். இரு கேமராக்களிலும் பதிவான ஒரே கணத்தைத் தேடுங்கள். தாலி முடியும்போது அட்சதை மேலே எழுந்து காற்றில் நிற்கும் கணம் இதற்கு மிகப் பொருத்தம். எந்தப் புகைப்படக்காரரும் அதைத் தவறவிட மாட்டார். அந்த இரண்டு படங்களின் மீதும் வலச்சொடுக்கி, பண்புகளில் 'எடுத்த தேதி' என்ற வரியைப் பாருங்கள். ஒன்று காலை 6.42 என்றும் மற்றது 7.55 என்றும் காட்டினால் இடைவெளி 1 மணி 13 நிமிடம். எந்தக் கேமரா சரி என்பதை முகூர்த்த நேரத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பிறகு டிஜிகாமில், தவறான கேமராவின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நேரத்தைத் திருத்தும் வசதியில் அந்த இடைவெளியை, கடிகாரம் முந்தியிருந்தால் கழிக்கவும் பிந்தியிருந்தால் கூட்டவும் சொன்னால் போதும்; ஆயிரம் படங்களானாலும் ஒரே கட்டளைதான். இந்த வேலையை நகலில் செய்யுங்கள், புகைப்படக்காரர் தந்த மூலத்தைத் தொடாதீர்கள்.

திருத்திய பின் எல்லாப் படங்களையும் எடுத்த தேதி, நேரத்தையே பெயராகக் கொண்டு மறுபெயரிட்டுவிடுங்கள். அப்போது எந்த மென்பொருளில் திறந்தாலும் பெண் அழைப்பு முதல் மறுவீடு வரை வரிசை மாறாது. அடுத்த விசேஷத்தில், படம் எடுக்கும் எல்லோரையும் தொடக்கத்தில் ஒரே கைப்பேசியின் கடிகாரத் திரையை ஒருமுறை படம் எடுக்கச் சொல்லுங்கள். இடைவெளியைக் கண்டுபிடிக்கும் வேலை அதோடு மிச்சம்.

கேள்வி: பிகாசாவில் பல ஆண்டுகள் முகங்களுக்குப் பெயர் எழுதினேன். கணினி பழுதாகும் நிலையில் உள்ளது. உழைப்பு வீணா? (ஆரணி)

வீண் இல்லை, ஆனால் தாமதிக்காதீர்கள். 2004இல் கூகுள் வாங்கிய பட மென்பொருளான பிகாசாவின் வளர்ச்சி 2016இல் நிறுத்தப்பட்டது. நிறுவியுள்ள கணினியில் அது இன்னும் ஓடும் என்பதால் உங்களுக்கு வழி இருக்கிறது. நீங்கள் படத்தின் கீழே எழுதிய விளக்கங்கள் ஜேபெக் (.jpg) படக் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. முகப் பெயர்களைப் பிகாசா தன் தனிக் கோப்புகளில் வைத்திருக்கும். கடைசிப் பதிப்பான 3.9இல் அவற்றைப் படத்துக்குள் எழுதும் வசதி உண்டு. அதை இயக்கி, எழுதி முடிக்கும்வரை காத்திருங்கள். பிறகு அந்தப் படங்களை டிஜிகாமில் சேர்த்தால், முகப் பெயர்களை அது படித்துக்கொள்ளும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிகாசாவில் திருத்திச் சேமித்த படங்களின் மூலங்கள் அதே கோப்புறைக்குள் மறைந்த ஒரு துணைக் கோப்புறையில் இருக்கும். மறைந்த கோப்புகளையும் காட்டும்படி விண்டோஸை அமைத்துவிட்டு நகலெடுங்கள். இல்லாவிட்டால் திருத்தியவை மட்டும் வந்து மூலங்கள் பழைய கணினியோடு போய்விடும்.

கேள்வி: இடத்தின் பெயரை எப்படிக் குறிப்பது? மாவட்டம் எழுதலாமா? (வாலாஜாபேட்டை)

ஊர்ப் பெயரை எழுதுங்கள், மாவட்டத்தை விட்டுவிடலாம். வட ஆற்காடு 1989இல் இரண்டானது. 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. உங்கள் வீட்டு வாசலில் 1985இல் எடுத்த படமும் 2022இல் எடுத்த படமும் மாவட்டப்படி பார்த்தால் வெவ்வேறு கோப்புறைக்குப் போய்விடும். ஊரோடு கோயில், தெரு, மண்டபம் சேர்த்தால் இன்னும் நல்லது: 'வேலூர் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில்' என்றால் எந்தக் காலத்திலும் ஐயம் வராது.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். போதுமா? (வாணியம்பாடி)

போதாது. பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக உதவும் பொருள். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அதில் பதிந்தவை நிலைத்திருக்கும் என்று நம்பக் கூடாது. மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்பது வேறு ஊரில் உள்ள மகள் வீடாகவும் இருக்கலாம், இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்த உங்களுக்கு, ஒரே வீட்டில் இரண்டு பிரதிகள் வைத்தால் ஏன் போதாது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கூகுள் கணக்கின் இலவச இடம் 15 ஜிபி. மின்னஞ்சலும் அதில்தான் அடங்கும். 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் அங்கே வைப்பது நல்லது.

கேள்வி: பாட்டியின் பழைய ஆல்பங்களைக் கணினியில் ஏற்ற விரும்புகிறேன். எந்த அளவில் ஸ்கேன் செய்வது? (போளூர்)

நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும். இருமடங்கு பெரிதாக அச்சிடவும் அது தாங்கும். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 வையுங்கள். ஒட்டும் தாள் ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். மேலுள்ள பிளாஸ்டிக் தாளை மட்டும் மெல்லத் தூக்கி, நேர் வெயில் படாத தாழ்வாரத்தில் பிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் எடுங்கள். ஸ்கேன் செய்த மூலத்தைத் திருத்தாமல் தனியே வைத்து, நிறம் திருத்துவதை நகலில் செய்யுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தரம் குறையும்.

எடுத்துவிட முடிகிற படம் எதுவாக இருந்தாலும் அதன் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோவின் முத்திரை, ஊர், மங்கிய பென்சில் எழுத்தில் ஒரு தேதி, 'அன்புடன்' என்று முடியும் ஒரு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். தேதி தெரியாவிட்டால் '1974 சுமார்' என்று கோப்புறைக்குப் பெயரிடுங்கள். ஊகத்தை உறுதியான தேதிபோல எழுதாதீர்கள்.

பெயர்களைக் கேட்டு எழுதும்போது உறவுமுறையை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் 'பெரிய அத்தை' என்று எழுதினால், உங்கள் பேரனுக்கு அது யாரைக் குறிக்கிறது என்று தெரியாது. பெயர், யாருடைய மகள், எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர் என்று முழுதாக எழுதுங்கள். விண்டோஸில் ஜேபெக் படத்தின் பண்புகளில் தலைப்பு, குறிப்பு ஆகிய இடங்கள் இருக்கின்றன. அங்கே எழுதுவது படத்தோடு பயணம் செய்யும். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்கேன் அடுத்த ஆண்டும் செய்யலாம். முகம் பார்த்துப் பெயர் சொல்லப் பாட்டி இப்போது இருக்கிறார்.

கேள்வி: இவ்வளவும் செய்து எப்போது பார்ப்பது? டிவியில் காட்ட முடியுமா? (திருவண்ணாமலை)

முடியும். கார்த்திகை தீபத்துக்கு வீடு நிறைய உறவினர் வரும் ஊர் உங்களுடையது. அந்த நாளுக்கென நூறு படங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். நூற்றைத் தாண்டினால் குழந்தைகள் எழுந்து போய்விடுவார்கள். மூலங்களைத் தொடாமல், 1920 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிய நகல்களை இர்ஃபான்வியூவில் மொத்தமாக உருவாக்கிப் பென் டிரைவில் போடுங்கள். பழைய டிவிகள் பல எஃப்ஏடி32 முறையில் அமைத்த பென் டிரைவைத்தான் படிக்கும். ஐபோன் 2017 முதல் எடுக்கும் ஹெய்க் வகைப் படங்களும் பல டிவிகளில் திறக்காது என்பதால், அவற்றை ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். டிவி பெயர் வரிசையில் காட்டும். 001, 002 என்று எண்ணிட்டுவிட்டால் நீங்கள் நினைத்த வரிசையே வரும். படங்கள் தாமாக ஓடும் அமைப்பை நிறுத்திவிட்டு, ரிமோட்டைப் பெரியவர் ஒருவர் கையில் கொடுங்கள். அவர் ஒரு படத்தில் நின்று பேசத் தொடங்கினால், கைப்பேசியில் குரல் பதிவை இயக்கி அருகில் வைத்து, அந்தப் பதிவுக்கும் படத்தின் எண்ணையே பெயராக இடுங்கள்.