ஹெட் ஸ்டாக்கைத் திறப்பதற்கு முன்: பழைய லேத்தின் சத்தத்தை எப்படிப் பிரித்தறிவது?

கோவைக்கு அருகே பம்ப் ஷாஃப்ட் கடைந்து தரும் சிறு பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "ஆறரை அடி நீளமுள்ள, முழுவதும் கியரில் ஓடும் பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். குறைந்த வேகத்தில் அமைதியாக ஓடுகிறது. 500 ஆர்.பி.எம். தாண்டினால் ஹெட் ஸ்டாக்கிலிருந்து (கியர்கள் அடங்கிய இடப்பக்கப் பெட்டி) 'உர்ர்' என்ற சத்தம் வருகிறது. மரை வெட்டும்போது மட்டும் 'டிக் டிக்' என்று தனியாக ஒரு சத்தம் கேட்கிறது. பெல்ட்டுகளில் ஒன்றை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. ஹெட் ஸ்டாக்கை முழுவதும் பிரித்து எல்லா பேரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது அவசியமா?"

இப்போதைக்கு அவசியமில்லை. உங்களிடம் இருப்பவை தொடர்பற்ற இரண்டு சத்தங்கள் என்றே தோன்றுகிறது. அவற்றில் ஒன்றுக்கு ஹெட் ஸ்டாக்கோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஹெட் ஸ்டாக்கை ஒருமுறை பிரித்துவிட்டால் ஸ்பிண்டிலை (வேலைப் பொருளைச் சுழற்றும் முக்கிய அச்சு) பழைய துல்லியத்தில் திரும்பப் பூட்டுவது எளிதல்ல என்பதால், சத்தத்தின் முகவரி உறுதியாகத் தெரியும்வரை ஸ்பேனரை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

முதலில் 'உர்ர்' சத்தத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மோட்டார் ஏறத்தாழ 1440 ஆர்.பி.எம்.மில்தான் சுற்றுகிறது, பெல்ட்டும் ஹெட் ஸ்டாக்கின் முதல் ஷாஃப்டும் அதேபோல மாறாத வேகத்தில்தான் ஓடுகின்றன. ஆகவே, கியர் மாற்றினால் தோன்றி மறையும் ஒரு சத்தத்துக்கு மோட்டார் பேரிங்கோ பெல்ட்டோ பெரும்பாலும் காரணமாக இருக்க முடியாது. பெல்ட் மாற்றியும் பயனில்லாமல் போனதில் வியப்பில்லை. (ஆனால் ஒரு பெல்ட்டை மட்டும் மாற்றியது சரியல்ல. நீண்டுபோன பழைய பெல்ட்டுகள் தளர்ந்து நிற்க, புதியது ஒன்றே சுமை முழுவதையும் இழுக்கும். பெல்ட்டுகளை ஒரே செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.) மின்சாரக் கோளாறா என்ற ஐயம் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணையுங்கள். அந்தக் கணமே சத்தம் நின்றால் அது மோட்டாரின் மின் பகுதியில் உள்ளது. வேகம் குறையக் குறையச் சத்தமும் தேய்ந்து அடங்கினால் சுழலும் பாகம் ஒன்றில் உள்ளது.

அடுத்தது எண்ணெய். மட்டம் பார்க்கும் கண்ணாடியில் எண்ணெய் தெரிகிறது என்று நம்பிவிடாதீர்கள். பல ஆண்டுகள் ஒரே மட்டத்தில் நின்ற எண்ணெய், கண்ணாடியின் உட்புறம் பழுப்பு நிறக் கறையாகப் படிந்து, தொட்டி காலியாக இருக்கும்போதும் நிறைந்திருப்பதைப் போலக் காட்டும். வடிகால் திருகைத் திறந்து, எண்ணெயை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் பிடித்துப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால், வெட்டும்போது குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் பொடி கியரிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்தது. ஒட்டாமல் மஞ்சளாக மினுக்கும் பொடி வெண்கல புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) தேய்வதைக் காட்டும். நுண்ணிய கறுப்புச் சேறு மட்டும் இருந்தால், பழைய இயந்திரத்தில் அது இயல்பே. இயந்திரத்தின் கையேடு கிடைக்காவிட்டால், இத்தகைய ஹெட் ஸ்டாக்குகள் பலவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 68 (கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) தரமுள்ள ஹைட்ராலிக் எண்ணெய் பொருந்தும். லாரி கியர் பாக்ஸ் எண்ணெய் மீதமிருக்கிறது என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அது தேவைக்கு மேல் கெட்டியானது என்பதோடு, அதில் உள்ள சில ரசாயனங்கள் வெண்கலத்தை அரிக்கவும் கூடும்.

புது எண்ணெயிலும் சத்தம் தொடர்ந்தால், வேலைப் பொருளைப் பிடிக்கும் சக்கைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்பிண்டிலை ஓட்டுங்கள். சமநிலை தவறிய சக்கும் அதைத் தாங்கும், சரியாக இறுகாத பேக் பிளேட்டும் அதிக வேகத்தில் மட்டுமே அதிரும் என்பதால், சிலருக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், 500க்கு மேற்பட்ட ஒவ்வொரு வேகத்தையும் தனித்தனியே கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு லீவர் நிலையில் மட்டும் சத்தம் வந்தால், அந்த நிலையில் இணையும் கியர் ஜோடியே காரணம். ரிவர்ஸில் ஓட்டும்போது அதே கியர் அமைதியாக இருந்தால், பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். (சக் மரையில் ஏறும் வகையாக இருந்தால், அது மாட்டியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், கழன்று விழும்.) அவ்வாறன்றி, எந்த லீவர் நிலையிலும் வேகம் கூடக்கூடச் சத்தமும் சீராகக் கூடினால்தான் ஸ்பிண்டில் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. மெயின் சுவிட்சை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல விரலில் உணர்ந்தால் பேரிங் பாதையில் குழி விழுந்திருக்கிறது. பிறகு ஸ்பிண்டில் மூக்கின் (சக் மாட்டும் முனை) மேல், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து, அடியிலிருந்து ஒரு மரக்கட்டையால் நெம்புங்கள். முள் 0.01 மி.மீ. அளவு நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பினால் அது இரும்பின் வளைவுதான். 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்து, திரும்பாமல் நின்றால் பேரிங்கில் தளர்ச்சி இருக்கிறது. டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் கொண்டது) உள்ள லேத்தாக இருந்தால், புதிய பேரிங் வாங்குவதற்கு முன் ஸ்பிண்டிலின் பின்புறம் உள்ள நட்டின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, நட்டை மிகச் சிறிதளவு இறுக்கி, மீண்டும் டயலைப் பாருங்கள். இறுக்கியபின் நடுத்தர வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி ஹெட் ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். குழி விழுந்த பேரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது. அப்போது உங்கள் மெக்கானிக் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் அப்போதும் ஸ்பிண்டில் பேரிங்குகள் மட்டுமே, எல்லாமும் அல்ல.

இனி 'டிக் டிக்'. மரை வெட்டும்போது மட்டும் கேட்பதால், இடப்பக்க மூடிக்குள் உள்ள சேஞ்ச் கியர்களிலிருந்து (ஸ்பிண்டிலின் சுழற்சியை லீட் ஸ்க்ரூவுக்குக் கொண்டுசெல்பவை) தொடங்குங்கள். மெயினை அணைத்து ஒவ்வொரு கியரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கையால் சுற்றுகையில் 'டிக்' எழும்போதெல்லாம் எந்தக் கோடு அதே இடத்துக்கு வருகிறதோ, அந்தக் கியரே குற்றவாளி. பல் உடைந்திருக்கும் என்று அஞ்ச வேண்டாம். இரண்டு பற்களுக்கு நடுவே அடியில் நசுங்கி ஒட்டிக்கொண்ட சிறு உலோகத் துருவலே பெரும்பாலும் காரணமாக இருக்கும், எதிர்க் கியரின் பல் முனையில் அது பட்ட இடம் பளபளவென்று தெரியும். கூரான கம்பியால் அதைச் சுரண்டி எடுங்கள். திரும்பப் பூட்டும்போது இரு கியர்களுக்கும் இடையில் சாதாரணத் தாள் ஒன்றைக் கொடுத்து அழுத்தி இறுக்கியபின் தாளை உருவிவிட்டால், தேவையான இடைவெளி தானாக அமையும். கியர்கள் சுத்தமாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், மரை வெட்டும்போது வெட்டும் கருவியை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூ வளைந்திருக்கிறதா என்று டயலை வைத்துப் பாருங்கள்.