மார்கழி மழையில் யாழ்ப்பாணம் வரலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

டிசம்பர் 18 முதல் 22 வரை யாழ்ப்பாணம் வரத் திட்டம். நான், கணவர், 70 வயது அம்மா, எட்டு வயது மகன். முதல் நாள் நல்லூர், அடுத்து கோட்டையும் நூலகமும், மூன்றாம் நாள் நெடுந்தீவு, நாலாம் நாள் கசூரினா கடற்கரையில் குளியல். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் அம்மாவுக்கு ஒரு நேர்த்திக்கடன். அதைக் கடைசி நாள் காலையில் முடித்துவிட்டு மதியம் பலாலியில் விமானம் ஏறலாம் என்று நினைக்கிறோம். வரும்போது நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரலாமா? “அங்கே அப்போது ஒரே மழை” என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தள்ளிப்போடவா?

கார்த்திகா, திருச்சி

அன்புள்ள கார்த்திகா,

தள்ளிப்போட வேண்டாம். நயினாதீவைக் கடைசி நாளில் வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் இப்போதே மாற்றுங்கள்.

எங்கள் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். நவம்பர்தான் உச்சம். ஆனால் நாள்தோறும் நசநசவென்று பெய்துகொண்டிருக்கும் ஊரல்ல இது. வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால் (உங்கள் ஊர்ச் செய்தியில் ‘காற்றழுத்தத் தாழ்வுநிலை’) இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். அது போனதும் வானம் வெளிக்கும். அடியில் சுண்ணாம்புக்கல் என்பதால் குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். நகரத்தின் பள்ளமான ஒழுங்கைகளில்தான் (உங்கள் ஊரில் சந்து) தேங்கும். அறை பதியும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்பதைவிட, “முன் ஒழுங்கையில வெள்ளம் நிக்குமோ?” என்று கேளுங்கள். மேல்மாடி அறையென்றால் அம்மா படி ஏறுவாரா என்பதையும் பாருங்கள்.

உங்கள் பயணத்தைக் குழப்பக்கூடியது வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், காற்று எழும்பினால் படகு ஓடாது. அதனால் தீவுக்குத் தேதி குறிக்காதீர்கள். 19, 20, 21 மூன்றையும் திறந்து வைத்து, காற்றில்லாத முதல் காலையில் கிளம்புங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். விடுதிக்காரரைக் கொண்டு குறிகட்டுவான் படகுத்துறையில் விசாரிப்பது இன்னும் நல்லது. கடைசி நாளுக்கு விட்டால், படகு நின்றால் நேர்த்தியும் போகும், திரும்பும் படகு தாமதித்தால் விமானமும் போகும். பலாலிக்கு வருவது சிறிய ஏடிஆர் விமானம். கடும் மழையில் இறங்க முடியாமல் திரும்பிப் போன நாட்களும் உண்டு. 23ஆம் தேதி திருச்சியில் தவறவிடக்கூடாத வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

குறிகட்டுவானுக்குப் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாக ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து நயினாதீவு கால் மணிநேரச் சொச்சம். பல படகுகளில் ஆட்கள் குனிந்து இறங்கி, தளத்துக்குக் கீழே பலகையில் அமர வேண்டும். எஞ்சின் சூடும் டீசல் மணமும் அங்கே அடைந்து நிற்கும். அலையோடு அதுவும் சேர்ந்தால் குமட்டல் கூடும். அம்மாவைக் கடைசியாக ஏற்றிப் படிக்கட்டுப் பக்கம் இருத்துங்கள், காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். உயிர்காப்பு அங்கி தந்தால் கையில் வைத்திராமல் போடுங்கள். படகுக்கும் துறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி அலையோடு கூடிக் குறையும், படகு கிட்ட வரும்போது கால் வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தாண்டுபவர்கள்தான் சறுக்குகிறார்கள்.

நெடுந்தீவை இம்முறை விடுங்கள். குதிரைகளும் பெருக்கமரமும் (பேயோபாப்) பவளக்கல் கோட்டையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒரு மணிநேரக் கடல், கரடுமுரடான உள்வீதி, பிற்பகல் படகு நின்றால் இரவு அங்கேதான். 70 வயதுக்கு இது வேண்டாம். கசூரினாவும் வடக்குப் பார்த்த கரை. மற்ற மாதங்களில் குழந்தை நடக்கக்கூடிய ஆழம், மார்கழியில் கலங்கிய அலை. பதிலுக்குக் கீரிமலைக் கேணி. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு, படிகளில் பாசி பிடித்திருக்கும்.

கப்பலை நம்ப வேண்டாம். 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகை–காங்கேசன்துறைச் சேவை பருவக்காற்றால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது.

கோட்டையையும் நூலகத்தையும் ஒரே நாளில் கட்டிப்போடாதீர்கள். நூலகம் மழை நாளுக்கு, கோட்டை மழை விட்ட மாலைக்கு. கொத்தளத்தில் ஒதுங்க இடமில்லை, நனைந்த கல் வழுக்கும். வெளித்த அந்தியில் மேற்கே களப்பின்மேல் (கடல்நீரேரி) வெயில் விழுவதைப் பார்க்க அதைவிட நல்ல இடமும் இல்லை. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், கணவருக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.

அடைமழை நாளில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ் குடியுங்கள். ஆனால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் தெளிந்த நீரை ஊற்றிவிட்டு மறுபடி நீர் விடவேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யாவிட்டால் கசக்கும். நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய், முருங்கையிலை எல்லாம் வெந்தபிறகு, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்து, கடைசியில்தான் மா கரைத்து ஊற்றுவார்கள். மகனுக்கு உறைக்கும், அவனுக்கு மிளகாய் விடுமுன் ஒரு கோப்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

குடை வாடைக்கு மடங்கிப்போகும், தொப்பி வைத்த மழைக்கோட்டு கொண்டுவாருங்கள். இது டெங்குக் காலம், பையனுக்குப் பகலிலும் நுளம்புக் களிம்பு பூசுங்கள். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியது. தேங்கிய வெள்ளத்திலும் வயலிலும் வெறுங்காலோடு அவனை இறங்க விடாதீர்கள், காலில் புண் இருந்தால் கட்டாயம் கூடாது. காற்றடித்தால் மட்டை விழுந்து கரண்ட் நிற்கும், வங்கி அட்டை வேலை செய்யாது. இரண்டு நாள் செலவுக்குக் கையில் காசு வைத்திருங்கள்.